கழற்றினால் மாட்டத் தெரியணும்!
(ஜி.டி.நாயுடுவும் என் சைக்கிள் பெடலும்)

மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு மாணவன்



ஆண்டு மலருக்கு ஒரு பெரியவரின் வாழ்க்கையை எழுதித் தரும் வேலையை நம் யூனியன் செயலாளர் என் தலையில் கட்டிவிட்டார். காந்தியடிகளை ஒருவர் எடுத்துக்கொண்டார். காமராஜரையும் அப்துல் கலாமையும் போன மலரிலேயே போட்டாயிற்று. மிச்சம் யார் என்று மண்டையைக் குழப்பிக்கொண்டிருந்த எனக்கு வழி காட்டியது ஒரு பெடல். ஆமாங்க, சைக்கிள் பெடல்தான்! சிரிக்காமல் கடைசிவரை படியுங்கள்.

எங்கப்பா ஒரு பனியன் கம்பெனியில் நிட்டிங் மெஷின் ஃபிட்டர். முதலாளியின் மகன் இரண்டு வருஷம் ஓட்டிவிட்டு மூலையில் சாத்தி வைத்திருந்த ரோடு சைக்கிளைச் சல்லிசான விலைக்கு எனக்குக் கொடுத்தார். மெல்லிசு டயர், வளைந்த ஹேண்டில்பார், அதோடு ஒரு ஜோடி கிளிப்லெஸ் பெடல், அதற்கான ஷூ. ஷூ எனக்கு ஒரு சைஸ் பெரிசு. இரண்டு சாக்ஸ் போட்டுச் சமாளிக்கிறேன்.

கிளிப்லெஸ் என்றால் கிளிப் இல்லாதது என்று அர்த்தம். ஆனால் காலைப் பிடித்துக்கொள்வதே இந்தப் பெடலின் வேலை! இதென்ன குழப்பம்? முன்பெல்லாம் பந்தயம் ஓட்டுகிறவர்கள் பெடலின் முன்னால் ஒரு கூடு மாட்டி, அதற்குள் பாதத்தை நுழைத்து, வாரால் இறுக்கிக்கொள்வார்கள். அந்தக் கூட்டுக்குப் பெயர் டோ கிளிப். அது இல்லாத பெடல் என்பதால் இந்தப் பெயர் வந்தது. ஷூவின் அடியில் கிளீட் என்று ஒரு சின்னத் துண்டு இருக்கும். அதைப் பெடலில் வைத்து அழுத்தினால் ஸ்பிரிங் டக்கென்று பிடித்துக்கொள்ளும். குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால் விட்டுவிடும். பனிச்சறுக்குப் பலகையில் பூட்ஸைப் பூட்டும் கருவி செய்துகொண்டிருந்த பிரான்ஸ் நாட்டு லுக் கம்பெனி, 1984இல் அந்த உத்தியைச் சைக்கிளுக்குக் கொண்டுவந்தது. அடுத்த வருஷமே, 1985இல், பெர்னார் இனோ அந்தப் பெடலோடு டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை ஜெயித்தார்.

எனக்கு இத்தனை விவரமும் பிற்பாடு தெரிந்ததுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியக்காலம் திருப்பூரிலிருந்து பல்லடம் வழியாகத் திருச்சி ரோட்டில் கிளம்பிவிட்டேன். பல்லடம் சிக்னலில் நிற்கும்போது குதிகாலைத் திருப்ப மறந்துபோச்சு. வண்டியோடு சேர்ந்து அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தேன். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். முழங்கை சிராய்ப்பைவிட அதுதான் வலித்தது! காரணம்பேட்டை தாண்டியதும் இடது பெடலில் நறநறவென்று ஒரு சத்தம். சூலூரில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து பெடலைக் கையால் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த பெரியவர், கலங்கல் இங்கே பக்கந்தான், ஜி.டி.நாயுடு பிறந்த ஊர், அவராக இருந்தால் இந்நேரம் இதைப் பிரித்துப் போட்டிருப்பார் என்று சொல்லிச் சிரித்தார்.

அந்த ஒரு பேச்சில் எனக்குக் கட்டுரை கிடைத்துவிட்டது.

ரட்ஜ் வண்டியும் முன்னூறு ரூபாயும்

கோபால்சாமி துரைசாமி நாயுடு என்பது முழுப்பெயர். 1893ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் தேதி கலங்கலில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்துவரவில்லை. மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. அந்தக் காலத்து ஊர் வழக்கப்படி காட்டு வேலையைப் பார்த்துக்கொண்டு அப்படியே இருந்திருக்க வேண்டியவர்.

வாலிப வயதில் ஒருநாள் அந்தப் பக்கம் வந்த வெள்ளைக்கார ரெவின்யூ அதிகாரி ஒருவரிடம் ரட்ஜ் கம்பெனி மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். மாடும் இல்லாமல் குதிரையும் இல்லாமல் தானாக ஓடுகிற வண்டி! பார்த்தவர்கள் எல்லாம் ஆச்சரியப்பட்டிருப்பார்கள். நாமாக இருந்தால் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்க ஆசைப்படுவோம். இவருக்கு வந்த ஆசையே வேறு. அது எப்படி ஓடுகிறது என்று உள்ளே பார்க்க வேண்டும்!

அதற்கு வண்டி சொந்தமாக இருக்க வேண்டும். கையில் காசு கிடையாது. கோயமுத்தூருக்குப் போய் ஓர் ஓட்டலில் பரிமாறும் வேலைக்குச் சேர்ந்தார். டீ டம்ளர் எடுத்து, இலை எடுத்து, சம்பளத்தைச் சிறுகச் சிறுகச் சேர்த்தார். முன்னூறு ரூபாய் சேர்ந்ததும் அந்த வண்டியையே விலைக்கு வாங்கினார். நண்பர்களே, அந்தக் காலத்து முன்னூறு ரூபாய் எவ்வளவு பெரிய தொகை, ஓட்டல் வேலையில் அதைச் சேர்க்க எத்தனை நாள் வயிற்றைக் கட்டியிருக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்!

வாங்கியதும் என்ன செய்தார்? பிரித்தார். மறுபடி மாட்டினார். சொல்லிக்கொடுக்க வாத்தியாரும் இல்லை, பார்த்துச் செய்யப் புத்தகமும் இல்லை. வண்டிதான் வாத்தியார்! அந்த ஒரு வண்டியிலிருந்து அவர் மெக்கானிக் ஆனார்.

திருப்பூரில் சேர்த்தது, பம்பாயில் போனது

இந்தப் பகுதி நம்ம ஊர்க்காரர்களுக்கே பலபேருக்குத் தெரியாது. முதல் உலகப் போர் நடந்த சமயத்தில் நாயுடு நம்ம திருப்பூருக்கு வந்து பஞ்சுத் தொழிலில் இறங்கினார். அப்போது திருப்பூரின் பெயர் பனியனுக்கு அல்ல, பஞ்சுக்குத்தான். சுற்று வட்டாரக் காட்டுப் பருத்தியெல்லாம் இங்கே வந்து அரைபட்டுப் பொதியாகிப் போகும். நல்ல பணம் வந்தது. அதை எடுத்துக்கொண்டு பம்பாய்ப் பஞ்சுச் சந்தைக்குப் போனார். அந்த வியாபாரத்தின் சூட்சுமம் வேறு. சேர்த்ததெல்லாம் போனது.

முப்பது வயதுகூட ஆகாதவர். மூன்றாம் வகுப்புப் படிப்பு. கையில் காசு இல்லை. ஊருக்குத் திரும்பினால் நாலு பேர் நாலு விதமாய்ப் பேசியிருப்பார்கள். யார்ன் விலை ஏறும்போதும் ஆர்டர் கேன்சல் ஆகும்போதும் கம்பெனிகள் படுத்துவிடுவதை நாம் பார்க்கிறோம். அப்படிப் படுத்த பிறகு எழுந்தவர்களையும் பார்க்கிறோம், எழாதவர்களையும் பார்க்கிறோம். நாயுடு எழுந்தார். எப்படி எழுந்தார் என்பதுதான் விஷயம். வியாபாரத்தை விட்டுவிட்டுத் தனக்குத் தெரிந்த மெஷின் பக்கமே திரும்பினார்.

ஒரே ஒரு பஸ்

கோயமுத்தூரில் மில், காபி, மோட்டார் என்று பல தொழில்களை நடத்திக்கொண்டிருந்த ராபர்ட் ஸ்டேன்ஸ் என்ற வெள்ளைக்காரர் இவரிடம் இருந்த கைத்திறமையைக் கண்டுகொண்டார். அவர் கொடுத்த கடனுதவியில் 1920இல் ஒரு பஸ் வந்தது. பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையில் நாயுடு தாமே அதை ஓட்டினார். டிரைவரும் அவரே, ரிப்பேர் பார்ப்பவரும் அவரே! வண்டி நின்றுபோனால் மெக்கானிக்குக்குச் சொல்லி அனுப்பிக் காத்திருக்க வேண்டியதில்லை. மற்ற பஸ்காரர்களுக்கு இல்லாத பலம் அது.

அந்த ஒரு பஸ் சில வருஷங்களில் யு.எம்.எஸ். என்ற பெரிய பஸ் கம்பெனி ஆனது. யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்பது அதன் விரிவு. கொங்கு நாட்டுப் பெரியவர்களிடம் யு.எம்.எஸ். என்று சொல்லிப் பாருங்கள், இன்றைக்கும் சிலர் முகம் மலரும்.

பஸ் முதலாளி ஆனதும் சொகுசாக உட்கார்ந்துவிடவில்லை. வெளிநாடுகளுக்குப் போய்த் தொழிற்சாலைகளைப் பார்த்தார். 1936இல் லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தம் கேமராவிலேயே படம் பிடித்தார். பேட்டரியில் ஓடும் சின்ன மோட்டார் வைத்த ரசான்ட் என்ற சவர ரேசர் அவருடைய கண்டுபிடிப்பு. மெல்லிய பிளேடு, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் மின்விசிறி, முறைகேடு செய்ய முடியாத ஓட்டுப்பதிவு மெஷின் என்று பட்டியல் நீளும். 1937இல் பீளமேட்டில் அவருடைய நேஷனல் எலக்ட்ரிக் ஒர்க்ஸில் இந்தியாவின் முதல் மின்சார மோட்டார் தயாரானது. அதை வடிவமைத்ததில் டி.பாலசுந்தரம் நாயுடுவுக்குப் பெரும் பங்கு உண்டு. கோவை மோட்டாருக்கும் பம்ப்செட்டுக்கும் பேர்போன ஊரானதற்கு அது ஒரு தொடக்கம்.

எல்லாம் வெற்றியா? இல்லைங்க. தேர்தலில் சுயேச்சையாக நின்று தோற்றார். ஐந்து வால்வு ரேடியோவை எழுபது ரூபாய்க்குச் செய்து தர முடியும் என்று 1941இல் அறிவித்தார். 1952இல் இரண்டு பேர் உட்காரும் பெட்ரோல் கார் ஒன்றை இரண்டாயிரம் ரூபாய் விலையில் உருவாக்கினார். உற்பத்திக்கு அரசாங்க லைசென்ஸ் கிடைக்காததால் அந்தக் கார் தெருவுக்கு வரவே இல்லை. வரிக் கொள்கையின்மேல் வந்த கோபத்தில், தாம் செய்த கருவிகள் சிலவற்றைப் பலர் முன்னிலையில் அவரே உடைத்துக் காட்டியதும் நடந்தது. அதை மட்டும் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. ஒவ்வொரு திருகாணியையும் மாட்டிப் பழகிய கை அதை உடைக்கலாமா? ஆனால் அந்தக் கருவிகளை உண்டாக்க அவர் பட்ட பாடு எனக்குத் தெரியாது. அதனால் தீர்ப்புச் சொல்லாமல் விட்டுவிடுகிறேன்.

நம்மைப் போலவே ஒரு பாலிடெக்னிக்

கோயமுத்தூர் பஸ்ஸில் அவினாசி ரோட்டில் போகும்போது ஹோப் காலேஜ் என்று கண்டக்டர் கூவுவாரே, கேட்டிருக்கிறீர்களா? காலேஜ் எங்கே என்று தேடியிருக்கிறீர்களா? நான் தேடியிருக்கிறேன். ஆர்தர் ஹோப் என்பவர் அப்போதைய சென்னை மாகாணக் கவர்னர். அவர் பெயரில் கோவையின் முதல் பாலிடெக்னிக்கும், 1945இல் இன்ஜினீயரிங் கல்லூரியும் அமையப் பெரும் காரணமாக இருந்தவர் ஜி.டி.நாயுடு. கல்லூரி பிறகு தடாகம் ரோட்டுக்கு இடம் மாறியது. இன்றைக்கு அதுதான் ஜி.சி.டி. என்ற அரசு தொழில்நுட்பக் கல்லூரி. பஸ் ஸ்டாப்பில் பெயர் மட்டும் தங்கிவிட்டது.

அந்தக் கல்லூரிக்கு 1945இல் பிரின்சிபால் யார் தெரியுமா? மூன்றாம் வகுப்போடு நின்ற அதே மனிதர்! நாற்காலியில் உட்கார்ந்ததும் அவர் கேட்ட கேள்வி, இந்தப் படிப்புக்கு நாலு வருஷம் எதற்கு என்பது. ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தால் இரண்டு வருஷம் போதும், மிச்சமெல்லாம் மாணவனின் காலத்தை வீணடிப்பது என்பது அவர் கட்சி. பிரிட்டிஷ் அரசாங்கம் ஒத்துக்கொள்ளவில்லை. பதவியை ராஜினாமா செய்துவிட்டுப் போய்விட்டார்.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் நின்று யோசித்தேன். என் வீட்டில் இப்போது ஓடிக்கொண்டிருக்கும் பேச்சே இதுதான். சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போனால், டிப்ளமோதானா, மேலே படிக்கலையா என்று கேட்கிறார்கள். அந்தத் தானா என்ற வார்த்தை இருக்கிறதே, அது முள்! அப்பா கடன் வாங்கியாவது நேரடி இரண்டாம் வருஷத்தில் பி.இ. சேர்த்துவிடப் பார்க்கிறார். எனக்கோ வேலைக்குப் போனால் அவர் நைட் ஷிப்டை விட்டுவிடலாமே என்று இருக்கிறது. உங்களில் பாதிப்பேர் வீட்டிலும் இதே கதைதானே?

நாயுடுவைக் காட்டி, படிப்பே வேண்டாம் என்று வாதாட எனக்கும் ஆசையாக இருந்தது. ஆனால் அது நியாயம் இல்லை. படிப்பு வேண்டாம் என்று நினைத்தவர் பாலிடெக்னிக் வர ஏன் பாடுபட வேண்டும்? 1944இல் பஸ் நிர்வாகத்திலிருந்து விலகியபோது, ஆராய்ச்சி மாணவர்களுக்கு உதவித்தொகை ஏன் அறிவிக்க வேண்டும்? தமக்குக் கிடைக்காத ஒன்று மற்றவர்களுக்குச் சீக்கிரமாகவும் உருப்படியாகவும் கிடைக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறார். அவருடைய சண்டை கை படாத படிப்போடுதான்.

1967இல் அவர் பெயரில் தொழிற்கண்காட்சி ஏற்பட்டது. 1974 ஜனவரி 4ஆம் தேதி அவர் மறைந்தார். அவினாசி ரோட்டில் பிரெசிடென்ட் ஹாலில் உள்ள அந்தக் கண்காட்சியை ஒருதரமாவது போய்ப் பாருங்கள். 2025இல் அதே ரோட்டில் திறந்த நீளமான மேம்பாலத்துக்கும் அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

மறுபடி என் பெடலுக்கு வருகிறேன்

சூலூரிலிருந்து நறநறவென்றே திரும்பி வந்தேன். கடையில் காட்டினேன். பேரிங் போச்சு, ஜோடியோடு மாற்றிவிடு என்றார்கள். விலையைக் கேட்டதும் தலை சுற்றியது. ரட்ஜ் வண்டியைப் பிரித்தவரைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறவன், ஒரு பெடலைப் பிரிக்கப் பயப்படலாமா? அன்றைக்கு ராத்திரி அப்பாவின் ஸ்பேனர் செட்டை எடுத்து உட்கார்ந்தேன்.

முதல் பாடம், இடது பெடலுக்கு இடது மரை. கடிகாரம் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். நம் லேத்தில் லெஃப்ட் ஹேண்ட் த்ரெட் போட்டபோது, இது எங்கே பயன்படும் என்று கேட்டோமே, இங்கேதான்! ஒரு பென்சிலைக் கைக்குள் தளர்வாகப் பிடித்து, அதன் நுனியை வட்டமாகச் சுற்றிப் பாருங்கள். பென்சில் தானாக எதிர்த்திசையில் உருளும். பெடல் அச்சும் அப்படித்தான் உருளப் பார்க்கும். வலது மரை போட்டால் மிதிக்க மிதிக்க இடது பெடல் கழன்றுவிடும். நினைவு வைத்துக்கொள்ளச் சுலப வழி உண்டு: ஸ்பேனரை மேல்பக்கம் நிமிர்த்தி மாட்டிப் பின்சக்கரத்தின் பக்கம் தள்ளினால் இரண்டு பெடலும் கழலும். திரும்ப மாட்டும்போது மரையில் கிரீஸ் தடவுங்கள். இல்லாவிட்டால் அடுத்த தடவை கழற்ற இரண்டு ஆள் வேண்டும்.

இரண்டாம் பாடம், துணி விரிக்காமல் பிரிக்காதே. அச்சை உருவியதும் கடுகு மாதிரி பால்கள் சிதறின. எண்ணினேன், ஒன்று குறைந்தது. தரையெல்லாம் தேடியும் கிடைக்கவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அழுகையே வந்துவிட்டது. கம்பெனியிலிருந்து வந்த அப்பா எதுவும் சொல்லாமல், ஒரு வெள்ளை பனியன் துணியை விரித்து, கழற்றிய ஒவ்வொன்றையும் கழற்றிய வரிசையிலேயே வைத்துக் காட்டினார். நிட்டிங் மெஷினில் ஆயிரக்கணக்கான ஊசிகளைக் கழற்றி மாட்டுகிற மனுஷர். இத்தனை வருஷமாய் வீட்டிலேயே ஒரு வாத்தியாரை வைத்துக்கொண்டு நான் கவனிக்கவில்லை!

உள்ளே பார்த்தால் காய்ந்த கிரீஸும் பஞ்சுத் தூசியும் கலந்து களிம்பாய் அடைத்திருந்தது. கம்பெனி மூலையிலேயே கிடந்த வண்டி அல்லவா? மண்ணெண்ணெயில் கழுவி, அதே அளவில் எல்லாப் பால்களையும் புதிதாக வாங்கி, கிரீஸில் பதித்து மாட்டினோம். கோனை இறுக்கினால் அச்சு சிக்கியது, தளர்த்தினால் ஆடியது. நாலாவது தடவைதான் ஆட்டமும் இல்லாமல் சிக்கலும் இல்லாமல் லாக் நட் உட்கார்ந்தது. கையால் சுற்றினேன். சத்தமே இல்லை!

வாங்க நினைக்கும் நண்பர்களுக்கு நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு போல்ட் கிளீட் சின்னது, இரும்பு, ஷூவின் அடிக்குள் பதிந்திருக்கும். இறங்கி நடக்கலாம். சிக்னலும் டிராஃபிக்கும் உள்ள நம்ம ஊருக்கு அதுவே தோது. ஷிமானோ 1990இல் கொண்டுவந்த எஸ்.பி.டி. அந்த வகை. மூன்று போல்ட் கிளீட் அகலமானது, பிளாஸ்டிக். நீண்ட தூரம் மிதிக்க வசதி, ஆனால் நடந்தால் சறுக்கும், தேயும். எஸ்.பி.டி.-எஸ்.எல். வகை வாங்கினால் மஞ்சள் கிளீட் போடுங்கள். அதில் பாதம் 6 டிகிரி அசையலாம். நீலத்தில் 2 டிகிரிதான், சிவப்பில் அசைவே கிடையாது. ஷூவிலுள்ள ஓட்டையும் கிளீட்டும் பெடலும் பொருந்துகின்றனவா என்று பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

கிளீட்டைப் பெருவிரல் எலும்பு புடைத்திருக்கும் இடத்துக்கு நேராக வைத்துத் தொடங்குங்கள். முழங்கால் வலித்தால் கொஞ்சம் நகர்த்திப் பாருங்கள். ஸ்பிரிங்கைத் தளர்த்தி வைத்துப் பழகுங்கள். நான் பல்லடத்தில் விழுந்ததற்கு மறதி பாதி, பழைய ஆள் இறுக்கி வைத்திருந்த ஸ்பிரிங் பாதி. கிளீட் போல்ட்டை அடிக்கடி இறுக்கிப் பாருங்கள். அது தளர்ந்தால் ஷூ மட்டும் திரும்பும், கிளீட் பெடலிலேயே நிற்கும், கால் வராது! வாரம் ஒருதரம் துடைத்து, ஸ்பிரிங்கில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, வழிவதைத் துடைத்துவிடுங்கள். எண்ணெய் அதிகமானால் நம்ம ஊர்ப் பஞ்சு அதில்தான் வந்து ஒட்டும்.

நண்பர்களே! ஜி.டி.நாயுடுவின் வாழ்க்கை எத்தனை தடவை பிரிந்து போயிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். பம்பாயில் ஒருதரம், தேர்தலில் ஒருதரம், பிரின்சிபால் நாற்காலியில் ஒருதரம், கார் லைசென்ஸில் ஒருதரம். ஒவ்வொரு தடவையும் மிச்சமிருந்ததை எடுத்து வைத்து, மறுபடி எதையாவது மாட்டி ஓட்டியிருக்கிறார். கழற்ற யாராலும் முடியும். திரும்ப மாட்டி ஓட வைப்பதுதான் மெக்கானிக் வேலை.

பி.இ.யா, வேலையா என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை. ரிசல்ட் வரட்டும், அப்பாவோடு உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். ஆனால் டிப்ளமோதானா என்று இனி யாராவது கேட்டால் தலையைக் குனிய மாட்டேன். ஆமாங்க, டிப்ளமோதான், பெடலில் ஏதாவது சத்தம் வருதுங்களா என்று கேட்பேன்!